அண்டை அயலும் அடுக்குமாடியும்

வீடு கட்டுதல் வேறு. அண்டை அயலை உண்டாக்குதல் வேறு. முன்னதை எண்ணிக் கணக்கிடலாம். பின்னது கணக்கில் எளிதில் அடங்குவதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த பொதுக் குடியிருப்புப் பேட்டைகளை மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. சிங்கப்பூரின் பேட்டைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

பள்ளியை நடுவே வைத்து, கடையும் விளையாட்டிடமும் நடந்து செல்லும் தொலைவில் அமைய, பெருஞ்சாலைகளை எல்லையில் நிறுத்தும் வட்டாரத் திட்டத்தை அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் வகுத்துரைத்தார். போருக்குப் பின் பிரிட்டன் எழுப்பிய புதுநகரங்கள் அதனைத் தழுவின. சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் ஐம்பதுகளில் தொடங்கிய குவீன்ஸ்டவுனும் அவ்வழியில் அமைந்ததே. 1960 பிப்ரவரியில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்பணியை ஏற்று, முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பரவிய தீ, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. அந்நிலையில் விரைந்து கட்டுவதே அறமாயிற்று. அக்கால வீடுகளின் எளிமையைப் பழித்தல் முறையன்று.

எனினும் ஒன்று நோக்கத்தக்கது. அண்டை வீட்டாரிடையே உறவு வளர்ந்தது, திட்டம் அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டுமன்று. நீண்ட பொதுத் தாழ்வாரம் சிக்கனத்தின் பொருட்டு அமைந்தது. சில மின்தூக்கிகளையும் படிக்கட்டுகளையும் கொண்டே பல வீடுகளுக்கு வழி செய்ய அது உதவிற்று. பழைய புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி அன்று எல்லா மாடிகளிலும் நிற்கவில்லை. ஆகவே பலரும் பிறர் வாயில்களைக் கடந்தே தம் வீடு சேர்ந்தனர். பூந்தொட்டியும் உலர்த்திய துணியும் விளையாடும் சிறாரும் நிறைந்த அத்தாழ்வாரமே மாடி வீட்டின் திண்ணையாயிற்று. எழுபதுகளில் பரவலான திறந்த கீழ்த்தளமும் அத்தகையதே. மலாய்க்காரர் திருமணமும் சீனர் இறுதிச் சடங்கும் முதியோரின் சதுரங்கமும் ஒரே தளத்தில் இடம் பெற்றன.

பின்னர் வந்த திட்டங்கள் தனிமையை நாடின. மாடிக்கு நான்கு வீடுகளே கொண்ட உயர்ந்த புளோக்குகள் எழுந்தன. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தால் பழைய புளோக்குகள் பலவற்றில் ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நின்றது. முதியோருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் இது பெரும் பேறு. தாழ்வார வாழ்வில் இரைச்சலும் பூசலும் இருந்தமையும் உண்மை. ஆயினும் பிறர் வாயிலைக் கடக்க வேண்டிய தேவை குறையுந்தோறும், ஒருவரையொருவர் அறியும் வாய்ப்பும் குறைகிறது.

இதன் விளைவு சிறிதன்று. ஓரினத்தார் ஓரிடத்தே குவியாதபடி, வட்டாரத்துக்கும் புளோக்குக்கும் இன வரம்பு வகுக்கும் கொள்கை 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது பல இனத்தாரை ஒரே முகவரியில் சேர்த்தது. முகவரி ஒன்றாதலும் மனம் ஒன்றாதலும் ஒன்றல்ல. அவ்விடைவெளியை நிரப்புவது நாள்தோறும் நேரும் சந்திப்பே. அச்சந்திப்புக்கு இடந்தராத கட்டடம் கொள்கையின் பயனைப் பாதியாக்கிவிடும்.

எனவே ஒரு பேட்டையின் அமைப்பை, அதிலுள்ள வசதிகளின் பட்டியலைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. ஒருவர் செல்லும் வழி மற்றவர் வழியை எத்தனை முறை சந்திக்கின்றது என்பதும் ஓர் அளவுகோலாதல் வேண்டும். மின்தூக்கியை நிறுத்தி மக்களை வருத்துதல் இதற்கு வழியன்று. வாயிலுக்கு வெளியே அமர இடம், நடந்து செல்லும் சந்தை, தடையின்றிப் பயன்படும் கீழ்த்தளம் ஆகியவற்றைக் காத்தலே வழி. தனித்து வாழும் மூதாட்டியின் கதவு ஒரு நாள் திறவாதிருப்பின், அதை முதலில் உணரக்கூடியவர் அவ்வழியே நடக்கும் அண்டை வீட்டாரே. அவர் நடப்பதற்கு ஒரு வழி இருக்கவேண்டும்.