கேட்காமல் மூடும் நீட்சிகள்

இணையப் பக்கம் ஒன்று நினைத்தபடி சாளரத்தை மூடிவிட முடியாது. நிரல் வழியே திறந்த சாளரத்தைத்தான் நிரல் வழியே மூடலாம் என்பது உலாவிகள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கட்டுப்பாடு. உலாவி நீட்சிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. குரோமில் 'விண்டோஸ்.ரிமூவ்' என்ற கட்டளைக்குச் சாளரத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும், உள்ளே எத்தனை தாவல்கள் இருந்தாலும் சேர்ந்தே போய்விடும்.

தேவையான வசதிதான். உள்நுழைவுக்காக நீட்சி திறந்த சிறு சாளரத்தை, கடவுச்சொல் சரிபார்த்ததும் அதுவே மூடிவிடுவது நல்ல வடிவமைப்பு. பலர் மாறி மாறி உட்காரும் நூலகக் கணினிக்கும் இது உதவும்.

கோளாறு அனுமதி முறையில் இருக்கிறது. தாவலின் முகவரியையும் தலைப்பையும் படிக்க நீட்சி அனுமதி பெற்றாக வேண்டும். சாளரத்தை மூடுவதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல் ஒரு நீட்சி அதை மூடிவிடலாம். நிறுவும்போது வரும் எச்சரிக்கையிலும் இதைப் பற்றி ஒரு சொல் இராது. பயனரின் அந்தரங்கத்துக்குக் காட்டிய அக்கறையை அவருடைய உழைப்புக்குக் காட்டவில்லை என்றே சொல்வேன்.

'ஒரு மணி நேரம் தொடாத சாளரங்களை மூடு' என்று ஒரு நீட்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு, சான்றிதழை ஸ்கேன் எடுக்கக் கடைக்குப் போனவர் திரும்பும்போது சாளரம் இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் அழுத்தினால் பக்கம் வரும். நிரப்பியதெல்லாம் வருமா என்பதற்கு உத்தரவாதமில்லை. மறைநிலைச் சாளரம் என்றால் பக்கமே வராது.

நீட்சி எழுதுபவர் சறுக்கும் இடம் ஒன்றும் உண்டு. குரோம் நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் 3 முறையில் பின்னணி நிரல் 30 நொடி சும்மா இருந்தால் நிறுத்தப்படும். சாளர எண்ணை வெறும் மாறியில் வைத்திருந்தால் அதுவும் அழிந்துவிடும். சேமிப்பகத்தில் எழுதிவைக்காமல், 'கடைசியாகப் பயன்படுத்திய சாளரம்' எதுவோ அதை மூடு என்று குறுக்குவழியில் போனால், பயனர் வேலை செய்துகொண்டிருக்கும் சாளரமே மூடப்படும்.

நினைவகத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், தாவலை மூடாமல் நினைவகத்திலிருந்து மட்டும் இறக்கும் 'டேப்ஸ்.டிஸ்கார்ட்' என்ற கட்டளை இருக்கிறது. அதிலும் பக்கம் மறுபடி ஏற்றப்படும், ஆனால் தாவல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நீட்சி எழுதுபவர்களே, நீங்கள் திறந்த சாளரத்தை மட்டும் மூடுங்கள். மற்றதை மூடுமுன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.