மேடும் பள்ளமும்

கோட்டை என்றதும் நமக்குக் கருங்கல்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1066இல் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குள் புகுந்த நார்மன்களுக்குக் கல் செதுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. வட்டமாக அகழி வெட்டினார்கள். வெட்டிய மண்ணை நடுவில் குவித்தார்கள். உச்சியில் மரக்கோபுரம், அடிவாரத்தில் வேலியிட்ட முற்றம். ஒரே வேலையில் பள்ளமும் மேடும் தயார். இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரெஞ்சில் மேட்டுக்கு ‘மோட்’ என்று பெயர். அந்தச் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் அகழியைக் குறிக்கத் தொடங்கியது. மேட்டின் பெயர் பள்ளத்தில் விழுந்துவிட்டது!

சும்மா கொட்டிய மண் அல்ல அது. அந்தப் படையெடுப்பைச் சித்திரிக்கும் பேயூ சித்திரத் துணியில், ஹேஸ்டிங்ஸில் எழுப்பிய மேடு அடுக்கடுக்காக, நிறம் மாறி மாறித் தைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே இரண்டு வேலையாட்கள் மண்வெட்டியால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். தைத்தவர் குறும்புக்காரர்தான்.

இங்கிலாந்தில் நார்ஃபோக்கின் தெட்ஃபோர்டில் அப்படியொரு கோட்டையின் மரக்கட்டுமானம் எல்லாம் போய் மண் மட்டும் நிற்கிறது, 20 மீட்டருக்கு மேல். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு வெறும் குன்று. முயல் வளை, மர வேர், ஏறி இறங்கும் கால்கள் என்று இத்தகைய மேடுகளை அரிப்பவை பல. தோண்டுவோரைத் தடுக்கவோ சட்டமே உண்டு: பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். தெட்ஃபோர்டில் படியேறி உச்சிக்குப் போகிறவருக்குக் கொத்தளமும் இல்லை, மதிலும் இல்லை, புல்லும் மரநிழலும்தான்.