பெட்டியும் வரியும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரம்தான் ஜாலான் புசாரின் சிம் லிம் டவர். மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த கட்டடம். அங்கே வாங்கிய சின்ன மைக்கில், சிராங்கூன் ரோட்டில் நின்று கோயில் மணியோசையைப் பதிவு செய்தேன். மணியோடு 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதை வடிகட்டத்தான் 'பியூர் டேட்டா'வைத் திறந்தேன். மில்லர் பக்கெட் 1990களில் உருவாக்கிய இலவச மென்பொருள். இதில் நிரலை எழுதுவதில்லை, வரைகிறோம். ஒரு பெட்டி ஒலியை வாங்கும், இன்னொன்று வடிகட்டும், மூன்றாவது ஒலிபெருக்கிக்கு அனுப்பும், நடுவே கோடுகள். ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மவுஸால் இழுத்தால் இரைச்சல் தேய்வது காதில் விழும். ஒயரும் ஜாக்குமாகப் புழங்கியவர்களுக்கு இது தாய்வீடு.

வெளிவந்த ஒலியை மறுபடி உள்ளே திருப்பும்போதுதான் வம்பு. கோட்டை நேரே வளைத்துக் கட்டினால் ஏற்காது. நடுவில் தாமதப் பெட்டி வேண்டும். சாதாரண அமைப்பில் அந்தத் தாமதமும் 64 ஒலி மாதிரிகளுக்குக் (samples) குறையாது. நொடிக்கு 44,100 மாதிரி என்றால், ஏறத்தாழ ஒன்றரை மில்லிநொடி. பைத்தான் நிரல்மொழியிலோ முந்தைய வெளியீட்டில் பாதியை இப்போதைய உள்ளீட்டோடு கூட்ட ஒரே வரி போதும். பியூர் டேட்டாவில் பெட்டிகள் பெருகினால் திரையே இடியாப்பம்தான் (தேங்காய்ப்பால் மட்டும் இல்லை).

மணியைக் கடைசியில் சுத்தம் செய்தது பைத்தானின் பத்து வரிகள். 50 ஹெர்ட்ஸைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்கு வெட்டினால் மணியின் கார்வை கெடாது என்பதை மட்டும் பெட்டிகளை இழுத்து இழுத்துக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன்.