ரப்பர் குமிழின் நயம்

டிஜிட்டல் பியானோவில் தந்தி கிடையாது; தந்தியை அடிக்கும் சுத்தியலும் கிடையாது. ஆனாலும் மெல்லத் தொட்டால் கொஞ்சுகிறது, ஓங்கி அடித்தால் முழங்குகிறது. இந்த வித்தையைச் செய்வது பெரும்பாலும் கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் குமிழ்தான்.

குமிழுக்குள் இரண்டு கரிப்பொட்டுகள். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் சர்க்யூட் போர்டைத் தொடும். மற்றது ஒரு கணம் பிந்தித் தொடும். அந்த இடைவெளியைத்தான் கருவி அளக்கிறது. இடைவெளி குறையக் குறைய ஒலி பெருகும். மின்னிசைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி (MIDI) முறையில், கட்டை இறங்கும் வேகம் 1 முதல் 127 வரையான ஓர் எண். வாசிப்பவரின் பாவமெல்லாம் அதற்குள் அடக்கம்.

இத்தனை நுட்பத்தையும் கவிழ்க்க ஒரு தூசி போதும். 88 கட்டைகளில் ஒன்று ஊமையாகும். இல்லையென்றால், பூப்போலத் தொட்டாலும் அலறும்.

மின்சாரத்தைத் துண்டித்து, கட்டைகளைக் கழற்றி, குமிழ்கள் பதிந்த ரப்பர் பட்டையை உரித்தெடுத்தால் குற்றவாளி தெரிந்துவிடும். போர்டின் தொடுபுள்ளிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். ஓர் இழைகூட ஒட்டக் கூடாது. கரிப்பொட்டை லேசாக ஒற்றினால் போதும். உப்புத்தாள் போட்டால் கரியே போய்விடும். நன்றாகக் காய்ந்தபின் ரப்பர் காம்புகளை ஒவ்வொன்றாகத் துளைக்குள் அமுக்க வேண்டும். ஒரு காம்பு தூக்கிக்கொண்டிருந்தாலும் அந்தக் கட்டை அடம்பிடிக்கும்.

முடித்ததும் மெதுவாக வாசித்துச் சோதிப்பதே சரி. ஓங்கி அடித்தால் அரைகுறை வேலையும் தேறிவிடும். மென்மையில்தான் குட்டு வெளிப்படும்.