டச் மெஷின் சொல்லும் எண்

பன்னீர்த் திராட்சைக்கு மருந்தடிக்கவோ ஏலத்தோட்டத்தில் கூலி கொடுக்கவோ கையில் காசில்லை என்றால், கம்பம் பள்ளத்தாக்கில் முதலில் வீட்டைவிட்டு வெளியேறுவது நகைதான். முன்பு அதை உரைகல்லில் தேய்த்து, கண்ணைச் சுருக்கித் தரம் சொல்வார்கள். இன்று தேனியிலும் கம்பத்திலும் வளையல் ஒரு பெட்டிக்குள் போகிறது. அரை நிமிடத்தில் ‘டச் 91.62’ (நூற்றில் இத்தனை பங்கு தங்கம்) என்று சீட்டு வருகிறது.

பெட்டிக்குள் நடப்பது எக்ஸ்ரே ஒளிர்வு. எக்ஸ்ரே பட்டு உள்கூட்டு எலக்ட்ரான் ஒன்று தெறிக்க, வெளிக்கூட்டிலிருந்து வேறொன்று அந்த இடத்தில் விழும். மிஞ்சும் ஆற்றல் புதிய எக்ஸ்ரேயாக வரும். அது தனிமத்துக்குத் தனிமம் மாறும்: செம்புக்கு 8.05, தங்கத்துக்கு 9.71 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நகையைச் சுரண்டவோ உருக்கவோ வேண்டாம் என்பதே இதன் பெரிய லாபம். தாலியைச் சுரண்டக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் தங்கத்துக்குள்ளிருந்து இந்தக் கதிர் தப்பி வருவது மேல்தோலின் பத்துப் பதினைந்து மைக்ரான் ஆழத்திலிருந்து மட்டுமே. அமிலத்தில் போட்டு மெருகேற்றிய நகையில் மேற்பரப்புச் செம்பு கரைந்திருக்கும், எண் ஏறும். பொடி வைத்துப் பற்றவைத்த இடத்தில் காட்டினால் எண் இறங்கும். உள்ளே டங்ஸ்டன் இருந்து மேலே தடிமனாகத் தங்கம் போர்த்தியிருந்தால் மெஷினுக்குத் தெரியாது. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3; சுத்தத் தங்கம் என்று கொண்டுவந்தால் தண்ணீரில் நிறுத்துப் பார்த்தாலும் பிடிபடாது.

கலப்படமாகச் சேர்க்கும் இரிடியத்தின் கதை வேறு. அது தங்கத்தில் கரையாமல் பொடியாகவே தங்கும். ஈயத்தோடு புடமிட்டு நைட்ரிக் அமிலத்தில் பிரிக்கும் பழைய சோதனையில்கூட அது கரையாமல் தங்கத்தோடு எடை சேர்ந்துவிடும். எல்லோரும் கடைசித் தீர்ப்பென நம்பும் புடமே ஏமாறும் இடத்தில் எக்ஸ்ரே பிடித்துவிடும், உணர்கருவி நல்லதாக இருந்தால். இரிடியத்தின் எக்ஸ்ரே 9.18 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தங்கத்துக்குப் பக்கத்து வீடு. சிலிக்கான் உணர்கருவி இரண்டையும் பிரித்துக் காட்டும். விலை மலிவான வாயுக்குழாய்க் கருவியில் இரண்டும் ஒரே மேடாகக் கலந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒன்றுதான்.

சேர்மங்களையும் எக்ஸ்ரே மெஷின் பிரித்தறியாது. கறுத்த கொலுசின் மேலுள்ளது வெள்ளி சல்பைடு. கடை மெஷினுக்கு அதுவும் வெள்ளிதான்.

2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க் முறையில் எக்ஸ்ரே முதல் படி. அடுத்து மாதிரி எடுத்துப் புடமிடுகிறார்கள். அடகுக்கடை அந்த முதல் படியோடு நின்றுகொண்டு, அதையே முழுச் சோதனை என்கிறது. என் குறை கருவிமேல் இல்லை, இந்தப் பாதி வழக்கத்தின்மேல். மெஷின் கதிர்களை எண்ணுவதில் வரும் பிழை பாதியாகக் குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். பத்து விநாடி ஓட்டிவிட்டு இரண்டு தசம இலக்கம் அச்சடிப்பது வெறும் தோரணை. எத்தனை விநாடி, நகையில் எத்தனை இடம் என்பதையும் சீட்டில் போடச் சொன்னால் கடைக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு வரி மை.