பகடை வந்துவிட்டது, டஞ்சன் மாஸ்டர் வரவில்லை

1974ல் பிறந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டை, பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023ல் ‘பால்டர்ஸ் கேட் 3’ என்று கணினிக்குக் கொண்டுவந்தது. மேசையில் ஆடிப் பழகியவர்களுக்குத் திருப்தியா? எனக்கு முக்கால்வாசி.

20 முகப் பகடை திரையில் உருளும்போது வயிற்றில் அதே பதற்றம். விதிகளும் பெரும்பாலும் ஐந்தாம் பதிப்புதான். மேசையில் 20 நிலைகள், இங்கே 12 தான். அதையும் மன்னிக்கலாம்.

இடிப்பது வேறு இடத்தில். இறந்தவரைப் பேசவைக்கும் மந்திரத்தையே எடுத்துக்கோங்க. மேசையில் ஐந்து கேள்வி, எதையும் கேட்கலாம். “உன் அம்மா பேரென்ன?” என்று கேட்டால்கூட, கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் அந்த நொடியில் ஒரு பதில் சொல்வார். சில சமயம் கதையே அங்கே திரும்பும். கணினியில் எழுதிவைத்த கேள்விகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணும். கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது புரியும்: முன்பே யாரும் யோசிக்காத கேள்விக்கு நிரலில் பதில் கிடையாது.

அடுத்தது தோல்வி. பகடை சொதப்பினால் பழைய சேவுக்குத் திரும்பிடலாம். மேசையில் அந்த வசதி இல்லை. ஆனால் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அந்தச் சொதப்பல்களைத்தான். 2023 நவம்பரில் சேர்த்த ‘ஹானர்’ முறையில் ஒரே சேவ்தான். மேசைக்கு மிக அருகில் வந்தது அதுதான். ஒருமுறை முடித்தவர்கள் அதில் ஆடிப் பாருங்க.