திரிபிடகமும் தேடுபெட்டியும்

பௌத்த இலக்கிய ஆய்வாளர்கள் பலர் இப்போது நூலைத் திறப்பதற்கு முன்பே கணினியின் தேடுபெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். டோக்கியோவில் 1924 முதல் 1934 வரை நூறு தொகுதிகளாக அச்சேறியது தைஷோ திரிபிடகம். அதை அடிப்படையாக வைத்து, 1998இல் தைவானில் தொடங்கிய சிபேட்டா அமைப்பு சீன பௌத்த நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாகவே தந்தது. பாலி நூல்களுக்கும் இந்த வசதி வந்துவிட்டது.

இதன் பயனைக் குறைத்துப் பேச முடியாது. இரண்டாம் நூற்றாண்டில் லுவோயாங் நகரில் மொழிபெயர்ப்புப் பணி செய்தவர் ஆன் ஷிகாவோ. 597இல் ஃபெய் சாங்ஃபாங் தொகுத்த நூற்பட்டியல், போதிய ஆதாரம் இல்லாமலே ஏராளமான நூல்களை அவர் பெயரில் ஏற்றிவிட்டது. எது அவருடையது, எது பிற்காலத்தது என்று மொழிநடையை வைத்துப் பிரிக்க முன்பு ஓர் ஆயுளே போதாது. இன்று ஒரு சொற்றொடர் எந்தெந்த மொழிபெயர்ப்பில் வருகிறது என்பது நொடியில் தெரிகிறது. பெரிய நூலகம் இல்லாத ஊரின் மாணவருக்கும் இது கிடைக்கிறது. எனக்கு இதுவே முதன்மையான நன்மையாகப் படுகிறது.

எண்ணிக்கையை நம்பி வாதம் கட்டும்போதுதான் சறுக்கல் தொடங்குகிறது. புத்தரின் உரைகளைத் தொகுத்துத் தரும் பாலி நிகாயங்கள் வாயால் ஓதிக் காக்கப்பட்டவை. ஒரே பத்தி திரும்பத் திரும்ப வரும். ஏட்டில் எழுதியவர்கள் அந்த இடங்களில் 'பெ' என்று மட்டும் குறித்து மேலே சென்றார்கள். 'பெய்யாலம்' என்பதன் சுருக்கம் அது. ஓதுபவர் விடுபட்டதைத் தாமே நிரப்பிக்கொள்வார், தேடுபெட்டி நிரப்பாது. ஒரு பதிப்பு முழுதாக அச்சிட்டதை இன்னொன்று சுருக்கியிருக்கும். அப்படியிருக்க, ஒரு சொல் இத்தனை முறை வருகிறது, ஆகவே புத்தர் அதையே வலியுறுத்தினார் என்று எப்படி முடிவுகட்டுவது? எந்தப் பதிப்பை எண்ணினார், பெய்யாலங்களை விரித்து எண்ணினாரா என்று சொல்லாத ஆய்வேட்டை நெறியாளர் திருப்பி அனுப்ப வேண்டும்.

இலக்கிய ஆய்வாளர் அஞ்ச வேண்டிய குறை வேறொன்றும் உண்டு. பௌத்தப் பெண் துறவிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில், முதுமையடைந்த துறவி அம்பபாலி தன் உடலைக் கூந்தல் தொடங்கிப் பாதம் வரை வரிசையாகப் பார்க்கிறாள். அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி ஆகிவிட்டது என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்கிறாள். நிலையாமையை இவ்வளவு துணிவாகப் பேசிய பாடல்கள் மிகச் சில. ஆனால் நிலையாமையைக் குறிக்கும் 'அனிச்ச' என்ற பாலிச் சொல் அம்பபாலியின் பாடலில் இல்லை. அந்தச் சொல்லைத் தேடி எடுத்த பட்டியலை மட்டும் வைத்து நிலையாமை பற்றி எழுதுபவரின் கட்டுரையில் அம்பபாலி இருக்கவே மாட்டாள்.